ஊஞ்சல் மாட்டும் முன் உத்திரத்துக்கு ஒரு கணக்கு

கேள்வி இது: கும்பகோணம் பக்கம் தாத்தா காலத்து மச்சு வீடு. கூடத்தின் அகலம் 12 அடி. மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது மரக்கட்டைகள்மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட பழைய காலத்துத் தளம். 3 அடிக்கு ஒன்றாகத் தேக்கு உத்திரம். ஒவ்வொன்றும் 5 அங்குல அகலம், 9 அங்குல உயரம். அதில் ஒன்றில் மூன்று பேர் உட்காரும் ஊஞ்சல் மாட்டவேண்டும். முடிந்தால் மாடியில் 1000 லிட்டர் தண்ணீர் டேங்கும் வைக்கவேண்டும். ஆசாரி "இதில் யானையையே கட்டலாம்" என்கிறார். என்ஜினியர் மருமகன் "இரும்பு கர்டர் போடாமல் தொடாதீர்கள்" என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் கணக்குப் போடாமல் பேசியிருக்கிறார்கள். உத்திரத்தின் முனைகள் நல்ல நிலையில் இருந்தால் ஊஞ்சல் மாட்டலாம். டேங்க் அதன்மேல் கூடாது. ஏன் என்று சொல்கிறேன். வேறு வீட்டுக்காரர்களும் தங்கள் அளவுகளைப் போட்டு இதே வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய வீட்டு உத்திரம் சும்மா நிற்கவில்லை. நூறு வருஷமாக ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டுதான் நிற்கிறது. மொத்தம் தாங்கக்கூடியதிலிருந்து அந்தப் பாரத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உங்கள் ஊஞ்சலுக்கு. ஆசாரி மறந்தது இந்தக் கழித்தலைத்தான்.

முதலில், எவ்வளவு தாங்கும். இரு சுவர்மேல் கிடக்கும் கட்டையின் நடுவில் பாரம் ஏறினால் மேல்பக்கம் நெருங்குகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது, நடு உயரத்தில் இரண்டும் இல்லை. ஆகவே உழைப்பதெல்லாம் மேல்விளிம்பும் அடிவிளிம்பும்தான். அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவு பலம். செவ்வகக் கட்டைக்கு இந்தப் பலத்தின் அளவு: அகலம் × உயரம் × உயரம் ÷ 6. என்ஜினியர்கள் இதைச் செக்‌ஷன் மாடுலஸ் என்பார்கள். உயரம் இரண்டு தடவை பெருக்கப்படுவதைக் கவனியுங்கள். அகலத்தை இரட்டிப்பாக்கினால் பலம் இரட்டிப்பு. உயரத்தை இரட்டிப்பாக்கினால் நாலு மடங்கு. தொய்வு விஷயத்தில் உயரம் மூன்று தடவை பெருக்கப்படும், எனவே எட்டு மடங்கு விறைப்பு. உங்கள் 5 × 9 கட்டையைப் படுக்கை வாட்டில் வைத்திருந்தால் பலம் இப்போதிருப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கும், தொய்வோ மூன்று மடங்குக்கு மேல் போகும்.

(உயரத்தின் வர்க்கம் என்பதை 1638-லேயே கலிலியோ சரியாகப் பிடித்துவிட்டார். ஆனால் கட்டை முழுவதும் இழுபடுகிறது என்று நினைத்ததால் 6 வரவேண்டிய இடத்தில் அவருக்கு 2 வந்தது. அதாவது உண்மையைப் போல மூன்று மடங்கு பலம். உங்கள் ஆசாரிக்கு நல்ல துணை.)

உங்கள் கட்டை செ.மீ.யில் ஏறக்குறைய 12.5 × 22.5. 12.5 × 22.5 × 22.5 ÷ 6 = 1055 கன செ.மீ.

இதைத் தேக்கின் அனுமதிக்கப்பட்ட தகைவால் பெருக்கவேண்டும். தகைவு என்பது கட்டையின் ஒவ்வொரு சதுர செ.மீ.யிலும் விழும் இழுப்பு அல்லது நெருக்கம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 883 என்ற விதிமுறை மரங்களை மூன்று குழுவாகப் பிரிக்கிறது. தேக்கு நடுவில் உள்ள பி குழு. அந்தக் குழுவின் முதல் தரக் கட்டைக்கு, மழை படாத உள்பக்கத்தில், வளைவுக்குச் சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 120 கிலோ அனுமதி. நான் பழைய வீட்டுக்கு 100-க்கு மேல் எடுப்பதில்லை. தரம் பிரித்துக் கொடுத்த கட்டை இல்லை அது. மூன்று பக்கம்தான் கண்ணுக்குத் தெரிகிறது. நாலாவது பக்கத்தில் கணு இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

"தேக்கு ஒடிவதற்குச் சதுர செ.மீ.க்கு ஆயிரம் கிலோ வேண்டும் என்று படித்தேனே" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், உலர்ந்த தேக்கு அந்த அளவுக்கு அருகில்தான் ஒடிகிறது. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் கணு, கோணல் ரேகை எதுவுமில்லாத விரற்கடைத் துண்டைச் சில நிமிஷத்தில் ஒடித்துப் பார்த்த எண். வீட்டுக் கட்டையில் கணு உண்டு, ரேகை சாய்ந்து ஓடும். ஒரே காட்டு மரத்திலேயே ஒன்றுக்கொன்று நிறைய வித்தியாசம் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மரம் நேரத்துக்குக் களைக்கும். சில நிமிஷம் தாங்குகிற பாரத்தில் ஏறத்தாழ அறுபது சதவீதத்தைத்தான் பத்து வருஷத்துக்கு விடாமல் தாங்கும். இத்தனையும் கழிந்துதான் ஆயிரம் நூறாகிறது. அந்தத் தொள்ளாயிரத்தை "சும்மா கிடக்கும் பலம்" என்று நினைத்துச் செலவு செய்யக் கூடாது.

1055 × 100 = 1,05,500 கிலோ-செ.மீ. இதுதான் உங்கள் உத்திரம் ஏற்கக்கூடிய பெண்டிங் மொமென்ட், அதாவது பாரம் கட்டையை வளைக்கும் வேகத்தின் அளவு.

இனி இதைக் கிலோவாக்கவேண்டும். கூடம் 12 அடி என்றாலும் கட்டை சுவருக்குள் கொஞ்சம் போய்த்தான் உட்காரும். ஆகவே நீளத்தை 375 செ.மீ. என்று எடுத்துக்கொள்வோம். பாரம் நீளம் முழுவதும் பரவியிருந்தால் மொமென்ட் = மொத்த பாரம் × நீளம் ÷ 8. ஒரே புள்ளியாக நட்டநடுவில் தொங்கினால் = பாரம் × நீளம் ÷ 4. திருப்பிப் போட்டால் பரவிய பாரம் 2250 கிலோ, நடுவில் தொங்கும் பாரம் 1125 கிலோ. யானைக்குட்டியைக் கட்டலாம், பெரிய யானையைக் கட்டமுடியாது. அதுவும் மேலே ஒன்றுமே இல்லாவிட்டால்.

ஒடியாமல் இருந்தால் மட்டும் போதாது, தொய்யவும் கூடாது. மேலே ஓடு, செங்கல், காரை என்று விரிசல் விடும் பொருள்கள் இருந்தால் தொய்வு நீளத்தில் 360-ல் ஒரு பங்குக்குள் நிற்கவேண்டும். மற்ற இடங்களில் 240-ல் ஒரு பங்கு. உங்களுக்கு முதலாவது பொருந்தும்: 375 ÷ 360, சுமார் 1.04 செ.மீ. தேக்கின் யங் குணகம், அதாவது மரத்தின் விறைப்பைக் காட்டும் எண், சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோ. அதை வைத்துப் பார்த்தால் 2250 கிலோ பரவிய பாரத்துக்கு 1.3 செ.மீ. தொய்கிறது. வரம்புக்குள் நிற்கவேண்டுமானால் 1800 கிலோதான். ஒடிவதற்கு வெகு முன்பே டெரஸ் விரிசல் விட்டு மழைநீர் இறங்கத் தொடங்கிவிடும். நீளமான உத்திரங்களில் பெரும்பாலும் இப்படித்தான், பலத்தைவிட விறைப்புதான் முதலில் தீரும். குட்டையான, கனமான பாரம் ஏறிய கட்டையில் ஷியர், அதாவது கட்டையை வெட்டப் பார்க்கும் விசை, குறுக்கே வரும். உங்கள் கட்டைக்கு அது சதுர செ.மீ.க்கு 6 கிலோவைத் தாண்டவில்லை, விட்டுவிடலாம்.

அடுத்தது, இப்போது என்ன சுமக்கிறது. இதில்தான் நேரம் செலவழிக்கவேண்டும். மெட்ராஸ் டெரஸ் பார்க்க மெலிசாக இருக்கும், எடை மெலிசில்லை. சின்னக் கட்டைகள்மேல் சன்னச் செங்கலைச் சாய்வாட்டில் நிறுத்திச் சுண்ணாம்புக் காரையில் பதித்த வரிசை 3 அங்குலம். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நாள்கணக்கில் தட்டிய தளம் 4 அங்குலம். அதற்கும் மேலே தட்டோடு, காரை என்று 2 அங்குலம். கூட்டினால் சதுர மீட்டருக்கு 430 கிலோ வருகிறது, அதாவது சதுர அடிக்கு 40 கிலோ. இன்றைக்குப் போடும் 4 அங்குல கான்கிரீட் தளமே 250 கிலோதான்.

உத்திரத்துக்கு உத்திரம் 3 அடி என்பதால், ஒவ்வொன்றும் தன் இரு பக்கமும் ஒன்றரை அடி வீதம் தளத்தைச் சுமக்கிறது: 3.66 மீ. × 0.9 மீ. = 3.3 சதுர மீட்டர். 430-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1420 கிலோ. உத்திரத்தின் சொந்த எடை 70. சின்னக் கட்டைகளையும் சில்லறையையும் சேர்த்து 1550 என்று வையுங்கள். இது தகைவில் 69 (1550 × 375 ÷ 8 ÷ 1055). நூறில் அறுபத்தொன்பது, மாடியில் ஒரு காக்கை உட்காருவதற்கு முன்பே செலவாகிவிட்டது.

இங்கே நிறுத்தி ஒரு வேலை செய்யுங்கள். மாடிக்குப் போய், மழைநீர் போகும் தூம்பு பக்கமாகத் தளத்தின் கனத்தை அளந்து பாருங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒழுகலுக்கு வைத்தியம் என்று பழையதைப் பெயர்க்காமலே மேலே ஒரு பூச்சு போட்டிருப்பார்கள்: ஒரு சிமெண்ட் தளம், பிறகு ஒரு வரிசை ஓடு, இப்போது வெள்ளை நிறக் கூலிங் டைல்ஸ். ஒரு அங்குலம் சிமெண்ட் காரை என்றால் சதுர மீட்டருக்கு 50 கிலோவுக்கு மேல். உங்கள் உத்திரத்துக்கு 170 கிலோ. இரண்டு அங்குலம் ஏறியிருந்தால் 340 கிலோ, தகைவில் இன்னும் 15. மூன்று பேரும் ஊஞ்சலும் சேர்ந்த நிற்கும் எடையைவிட அது அதிகம். அப்படி இருந்தால் ஊஞ்சலைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தப் பூச்சை எடுப்பதைப் பற்றிப் பேசவேண்டும்.

கூடுதல் பூச்சு இல்லை என்று வைத்துக்கொண்டு ஊஞ்சலுக்கு வருவோம். 6 அடிக்கு 2 அடி தேக்குப் பலகையும் சங்கிலியும் 60 கிலோ. ஆளுக்கு 70 வீதம் மூன்று பேர் 210. மொத்தம் 270. ஆனால் ஊஞ்சல் ஆடும் பொருள். 30 பாகைக்கு வீசி ஆடினால், கீழ்ப்புள்ளியைக் கடக்கும்போது சங்கிலியில் விழும் இழுப்பு எடையைப் போல 1.27 மடங்கு, 45 பாகைக்கு வீசினால் 1.6 மடங்கு. பிள்ளைகள் ஓடிவந்து தொப்பென்று உட்கார்ந்தால் இரண்டு மடங்கை எட்டும். ஆகவே கணக்குக்கு 540 கிலோ.

இந்த 540 எங்கே தொங்குகிறது என்பதில்தான் சூட்சுமம். ஒரே வளையத்தில் நட்டநடுவில் தொங்கினால் தகைவு 48. இரண்டு கொக்கியை 5 அடி இடைவெளியில், நடுவிலிருந்து இரு பக்கமும் சமமாக மாட்டினால் ஒவ்வொன்றும் சுவரிலிருந்து 112 செ.மீ. தள்ளி வரும்; மொமென்ட் = 270 × 112.5, தகைவு 29. அதே ஊஞ்சல், அதே ஆட்கள், கொக்கியின் இடம் மாறியதில் நாற்பது சதவீதம் மிச்சம். நடுவில் ஒற்றைக் கொக்கியில் தொங்கும் கூடை ஊஞ்சல்களை இதனால்தான் பழைய உத்திரத்தில் மாட்டவேண்டாம் என்பேன்.

69 + 29 = 98. நூறுக்குள் நிற்கிறது. தொப்பென்ற அதிர்ச்சி கண நேரத்துக்குத்தான் என்பதால், அந்த வகைப் பாரத்துக்கு இரண்டு மடங்கு தகைவுவரை விதிமுறையே விட்டுக்கொடுக்கிறது. நான் அந்தச் சலுகையை எடுக்கவில்லை, கையிருப்பாக இருக்கட்டும். மாடியில் ஆட்கள் நடமாடும் பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்று கொண்டால் இன்னொரு 22 ஏறும். மூன்றும் ஒரே நேரத்தில் வந்தால் 120, விதிமுறையின் விளிம்பு. கல்யாணம், தீபாவளி என்று மாடியில் கூட்டம் நிற்கும் நாளில் ஊஞ்சலைக் கழற்றி வையுங்கள்.

இத்தனை கணக்கும் கட்டை முழுசாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் போட்டது. நடுக்கட்டை பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். கெடுவது முனை: சுவருக்குள் போன அந்த அரை அடி. தூம்பு அடைத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரின் அடியில் தண்ணீர் நின்று, காற்றே படாத பொந்துக்குள் இறங்கினால் எந்தத் தேக்கும் இற்றுப்போகும். வைரம் பாய்ந்த பகுதியைக் கரையான் லேசில் தொடாது. ஓரத்து வெளிறைத் தின்றுவிடும். வெளியே வார்னிஷ் மினுமினுக்கும், உள்ளே மாவாக இருக்கும்.

சுத்தியலின் மரப்பிடியால் நடுவிலிருந்து சுவரை நோக்கித் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற சத்தம் சுவர்கிட்டே வந்ததும் பொத்தென்று மாறினால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே 3 மி.மீ. டிரில் பிட்டைச் சுவரைப் பார்த்துச் சாய்வாக ஏற்றுங்கள். நல்ல தேக்கில் பிட் முனகிக்கொண்டு ஒரே சீராக இறங்கும். தூள் உலர்ந்து, பொன்பழுப்பாக, தேக்குக்கே உரிய எண்ணெய் வாசத்தோடு வரும். பிட் திடீரென்று உள்ளே ஓடினாலோ, தூள் கறுத்து ஈரமாக மண்வாடையோடு வந்தாலோ அந்த முனை போய்விட்டது. ஒவ்வொரு முனையிலும் இரண்டு மூன்று உயரத்தில் இப்படிப் பாருங்கள்.

முனை சுவர்மேல் குறைந்தது 7.5 செ.மீ. உட்கார்ந்திருக்கவேண்டும். உங்கள் வீட்டில் 15 செ.மீ. இருந்தால், ஊஞ்சலோடு சேர்த்து ஒரு முனையில் இறங்கும் சுமார் 1050 கிலோ சதுர செ.மீ.க்கு 5.6 கிலோவாகப் பரவும். மரத்துக்கு அது ஒன்றுமில்லை. பழைய சுண்ணாம்புச் செங்கல் சுவருக்கு அதுவே அதிகம். அதனால்தான் விவரம் தெரிந்த கொத்தனார்கள் உத்திரத்தடியில் ஒரு கருங்கல் பலகை வைத்தார்கள். அந்தக் கல் இருக்கிறதா, அதன் கீழே சுவரில் செங்குத்தாக விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள்.

பிறகு நூல். உத்திரத்தின் அடிவிளிம்பில் சுவருக்குச் சுவர் நூலை இழுத்துக் கட்டி, நடுவில் கட்டை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். 1550 கிலோவுக்கு உடனடித் தொய்வு 9 மி.மீ.; நீண்ட காலத்தில் மரம் தளர்ந்து அது இரட்டிப்பாகும். ஆகவே முக்கால் அங்குலம் தொய்ந்திருந்தால் கவலை வேண்டாம், வயசுக்கு உரியது. ஒன்றரை அங்குலம் என்றால், அல்லது பக்கத்து உத்திரங்களைவிட இது மட்டும் அதிகம் இறங்கியிருந்தால், நேரில் பார்க்க ஒரு ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

கொக்கியை அடியிலிருந்து திருகி ஏற்றுவது பார்க்க அழகு, செய்யக் கூடாது. அடிவிளிம்புதான் இழுபடும் பக்கம். அங்கே துளை போட்டு, அங்கிருந்தே கீழ்நோக்கி இழுத்தால் ரேகை வழியாகக் கட்டை பிளக்கும். 6 மி.மீ. கனம், 50 மி.மீ. அகலமுள்ள இரும்புப் பட்டையை உத்திரத்தின் அடியைச் சுற்றி லாட வடிவில் வளைத்து, இரு பக்கமும் மேலே ஏற்றி, நடு உயரத்துக்குச் சற்று மேலே குறுக்காக இரண்டு 12 மி.மீ. போல்ட் முடுக்குங்கள். வளையம் பட்டையின் அடியில் பற்றவைத்ததாக இருக்கட்டும். நடு உயரத்தில் தகைவு இல்லை என்பதால் அந்தத் துளையால் பலம் குறைவதும் சொற்பம்.

மாட்டியதும் ஆள் ஏறவேண்டாம். உத்திரத்தடியில் ஒரு அங்குலம் விட்டு இரண்டு முட்டு நிறுத்துங்கள், ஏதாவது ஆனால் பிடித்துக்கொள்ளும். ஊஞ்சல் பலகையில் ஆறு சிமெண்ட் மூட்டையை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள்; 300 கிலோ. நூலில் முன்னும் பின்னும் அளந்தால் நடுவில் 2 மி.மீ.க்குச் சற்று மேலே இறங்கியிருக்கவேண்டும். அடுத்த நாள் காலையில் இறக்குங்கள். கட்டை பழைய இடத்துக்கே திரும்பவேண்டும். 2-க்குப் பதில் 4, 5 மி.மீ. இறங்கினாலோ, மூட்டையை எடுத்த பிறகும் திரும்பாவிட்டாலோ உள்ளே ஏதோ இல்லை என்று அர்த்தம். புத்தகத்துத் தேக்கைப் பற்றி நான் சொன்ன எல்லாவற்றையும்விட உங்கள் கட்டையைப் பற்றி இந்தச் சோதனை அதிகம் சொல்லும்.

டேங்குக்கு நீண்ட கணக்கு வேண்டாம். 1000 லிட்டர் என்றால் ஒரு டன். ஒரு உத்திரத்தின் நடுவில் வைத்தால் அது மட்டுமே தகைவில் 89. ஏற்கெனவே இருக்கும் 69-ஐச் சேர்த்தால் 158. இரண்டு உத்திரத்துக்குப் பகிர்ந்தாலும் ஊஞ்சலுக்கு இடமில்லை, அதோடு இது இரவும் பகலும் இறங்காத பாரம். இரண்டு சுவர் சந்திக்கும் மூலையில், சுவரிலிருந்து சுவருக்குக் கர்டர் போட்டு, டெரஸைத் தொடாமல் அதன்மேல் வையுங்கள்.

கர்டர் என்றதும் மருமகனுக்கு ஒரு வார்த்தை. 6 அங்குல ஐ.எஸ்.எம்.பி. 150 என்ற ஐ வடிவ இரும்பு கர்டர் ஒன்று விறைப்பில் உங்கள் உத்திரத்தைப் போல ஒன்றேகால் மடங்கு, ஆகவே யோசனை தப்பில்லை. ஆனால் அதைத் தேக்குக்குப் பக்கத்தில் சும்மா கொண்டுபோய் வைத்தால், மேலே இருக்கும் 1550 கிலோ தேக்கின் தலையில்தான் இருக்கும். இனி வரும் பாரத்தில் மட்டும் இரும்பு பங்கு எடுத்துக்கொள்ளும். பழைய பாரத்தையும் மாற்றவேண்டுமானால் ஜாக்கி கொடுத்து டெரஸை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தூக்கி, பிறகு கர்டரில் இறக்கவேண்டும். நூறு வருஷத்துச் சுண்ணாம்புத் தளம் அதைப் பொறுத்துக்கொள்ளாது. பாதி இடத்தில் விரிசல் விடும். முனை இற்றுப்போயிருந்தால் மட்டும், அந்த முனைக்கு மட்டும், அந்த வேலைக்கு இறங்குங்கள்.